கொசு கட்டிய கன்டோன்மென்ட்

பெங்களூரைக் கட்டியவர் கெம்பே கவுடா, ஆண்டு 1537. அதில் தகராறு இல்லை. ஆனால் எம்.ஜி. ரோடு, சிவாஜிநகர், ஹலசூர் என்று ஊரின் கிழக்கே விரிந்து கிடக்கிறதே கன்டோன்மென்ட், அதை உருவாக்கிய பெருமை ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கொசுவுக்கே சேரும். இத்தனை பெரிய காரியம் செய்தும் ஊரில் ஒரு சிலைகூட இல்லாத ஜீவன் அது.

இப்படிப் பேசிக்கொண்டே உங்களைக் கூட்டிப்போவதுதான் என் தொழில். எலெக்ட்ரானிக் சிட்டி பக்கத்து ஹெப்பகோடியில் குடியிருக்கிறேன். எங்கள் ஏரியாவில் பார்க்கக் கிடைப்பது கம்பெனி கேட், பி.ஜி. ஹாஸ்டல், ஓசூர் ரோட்டு லாரி. 2025 ஆகஸ்டில் மஞ்சள் மெட்ரோ ஓட ஆரம்பித்த பிறகு, சில்க் போர்டு சிக்னலில் நரை விழாமல் டவுனுக்குப் போய்ச் சேர முடிகிறது. போய், நடக்கத் தெம்புள்ளவர்களைச் சேர்த்துக்கொண்டு கன்டோன்மென்ட்டைச் சுற்றிக் காட்டுகிறேன். டிக்கெட் கிடையாது. நடை முடிந்ததும் மனசுக்குப் பட்டதைக் கொடுக்கலாம். ஐரோப்பாவில் பெர்லின் மாதிரி ஊர்களில் கொடிகட்டிப் பறக்கிற ஏற்பாடு இது. அங்கே சில கம்பெனிகளில் வழிகாட்டிதான் தலைக்கு இவ்வளவு என்று முதலாளிக்குக் கட்ட வேண்டும். இருபது பேர் கேட்டு ரசித்துவிட்டு நழுவினால், அன்றைக்கு அவர் கைக்காசு போட்டு வரலாறு சொன்னதாகக் கணக்கு.

எம்.ஜி. ரோட்டில் இறங்கிப் பரேடு மைதானத்து ஓரமாக நில்லுங்கள். முதலில் கார்ன்வாலிஸ் பிரபு. 1781-இல் யார்க்டவுனில் வாஷிங்டன் படையிடம் சரணடைந்து அமெரிக்காவைக் கோட்டைவிட்டவர். விட்ட கோட்டைக்கு ஈடாக ஒன்றைப் பிடித்தாக வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, 1791 மார்ச்சில் பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தார். மறுவருஷமே ஸ்ரீரங்கப்பட்டணத்து வாசலில் போய் நின்று, திப்பு சுல்தானிடம் பாதி ராஜ்யத்தையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் எழுதி வாங்கினார். பணம் வந்து சேரும்வரை திப்புவின் இரண்டு பிள்ளைகள் பணயம். நானோ நடை முடிந்து பல்லை இளித்தபடி நிற்கிறேன். வசூல் என்றால் கிழக்கிந்தியக் கம்பெனியிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

1799-இல் திப்பு வீழ்ந்தார். நாலு போர் நடத்தி மைசூரை மடக்கிய படை, காவிரிக் கரை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காலாட்டிக்கொண்டு உட்காரலாம் என்று நினைத்தது. கொசு விடவில்லை. பீரங்கிக்கு அசையாத சிப்பாய்கள் காய்ச்சலில் வரிசையாகப் படுத்தார்கள். கெட்ட காற்றுதான் காரணம் என்று அந்தக் காலத்து மருத்துவம் சத்தியம் செய்தது. காற்று நல்லதாக இருக்கும் மேட்டு நிலம் தேடி, 1809-இல் ஹலசூர் பக்கம் பாளையம் மாறியது. கன்னடத்தில் அதற்கு ‘தண்டு’ என்று பெயர். சிவாஜிநகரில் தண்டு மாரியம்மன் இன்றைக்கும் அதே பெயரோடு அருள் பாலிக்கிறாள்.

படை வந்தால் படையின் பசியும் வரும். மெட்ராஸ் படைக்குப் பின்னாலேயே நம்மவர்களும் மூட்டையைக் கட்டினார்கள். சமையலுக்கு, தையலுக்கு, சலவைக்கு, குதிரைக்குப் புல் வெட்ட, துரைக்கு விசிறி இழுக்க எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டுமே. ஹலசூரில் இன்று காதில் விழும் தமிழுக்கு மூலம் அதுதான். கிட்டத்தட்ட இருநூறு வருஷம் கழித்து எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கம்பெனி வந்தபோதும் இதே கதை. முன்னால் அடையாள அட்டை மாட்டிய படை, பின்னால் இட்லி வண்டி, இஸ்திரி வண்டி, வாடகைக்கு ரூம். ஹெப்பகோடி அப்படித்தான் ஊதிப் பெருத்தது.

கொசுவுக்குத் திரும்புவோம். 1883-இல் ரொனால்டு ராஸ் என்ற இளம் ராணுவ டாக்டர் பெங்களூருக்கு வந்தார். கொடுத்த பங்களாவில் கொசு பிடுங்கி எடுத்தது. காரணம் தேடினால், ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி, அதில் புழு நெளிகிறது. தொட்டியைக் கவிழ்த்தார், கொசு அடங்கியது. சந்தோஷமாகப் போய் மேலதிகாரியிடம், மெஸ்ஸில் இருக்கிற பாத்திரங்களையும் கவிழ்த்துவிடலாம் என்றார். அந்த மகானுபாவர் சம்மதிக்கவில்லை. இயற்கையின் ஒழுங்கைக் கெடுக்கக் கூடாதாம், கொசுவும் ஏதோ ஒரு காரியத்துக்காகத்தானே படைக்கப்பட்டிருக்கிறது! கொசுவுக்கு ஓடிவந்து ஊர் கட்டியவர்கள், அதே ஊரில் தொட்டி வைத்துக் கொசு வளர்த்த லட்சணம் இது. ராஸ் விடவில்லை. 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ஒரு கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். 1902-இல் நோபல் பரிசு. காற்றின் மேல் போட்ட பழி நீங்கியது.

கப்பன் பூங்காவுக்குள் வாருங்கள், நிழல் இருக்கிறது. மார்க் கப்பன் 1834 முதல் 1861 வரை மைசூரை ஆண்ட கமிஷனர். ஊருக்குத் திரும்பும் வழியில் சூயஸில் உயிரைவிட்டார். 1870-இல் உருவான இந்தப் பூங்காவை அவர் பார்த்ததே இல்லை. இதற்கு முதலில் வைத்த பெயர்கூட இன்னொரு துரையுடையது. அதோ அந்தச் சிவப்புக் கட்டடம் அட்டாரா கச்சேரி, 18 இலாகாக்களுக்காக 1868-இல் முடிந்தது. கட்டியவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். 1873-இல் பள்ளிக்கூடமும் தொடங்கினார். துரைக்குப் பூங்கா, முதலியாருக்கு ஒரு கும்பிடாவது போடுங்கள்.

கடைசியாக ரெசிடென்சி ரோடு, பெங்களூர் கிளப். உள்ளே விட மாட்டார்கள், கேட்டோரம் நின்றே கேளுங்கள். 1896-இல் வின்ஸ்டன் சர்ச்சில் இங்கே குதிரைப்படை அதிகாரியாக வந்தார், வயது 21. காலையில் பரேடு, சாயங்காலம் போலோ, நடுவில் தோட்டத்தில் பட்டாம்பூச்சி பிடித்தல். அறுபத்தைந்து வகைக்கு மேல் சேர்த்துவைத்திருந்தார். ஒருநாள் எலி புகுந்து அத்தனையையும் தின்று தீர்த்தது. பிற்காலத்தில் ஹிட்லரை எதிர்த்து நின்றவர் எலியை எப்படி எதிர்கொண்டார் என்றால், பிடித்து நாயிடம் கொடுத்தார். நாயின் பெயரும் வின்ஸ்டன்தான். சர்ச்சிலுக்கும் நோபல் கிடைத்தது, 1953-இல், இலக்கியத்துக்கு. கொசுவை ஜெயித்தவருக்கு ஒன்று, எலியிடம் தோற்றவருக்கு ஒன்று.

போலோ குதிரைக்காக உள்ளூர் வட்டிக்காரர்களிடம் கையெழுத்துப் போட்டுக் கடன் வாங்கிய மனுஷன், கிளப் பாக்கியை மட்டும் ஒழுங்காகக் கட்டிவிடுவாரா? 1899 ஜூனில், வசூலாகாது என்று கிளப் கைகழுவிய பாக்கிகளில் ‘லெப்டினன்ட் டபிள்யூ. எல். எஸ். சர்ச்சில், 13 ரூபாய்’ என்று ஒரு வரி. அந்தப் பேரேட்டைக் கிளப்பில் பத்திரமாகக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஒழுங்காகப் பில் கட்டிய ஆயிரக்கணக்கான அதிகாரிகளில் ஒருவர் பெயராவது உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது.

நடை முடிந்தது. ரொக்கமும் வாங்குவேன், ஜி-பேயும் உண்டு. ஒன்றும் தராமல் போகிறவர்கள் பெயரையும் இனிஷியலையும் மட்டும் நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள். யார் கண்டது, நாளைக்கு நீங்கள் பிரதமரானால் அந்த நோட்டை வைத்தே நான் பிழைத்துக்கொள்வேன்.