கொத்தனார் சர்ச்சிலின் கடன்கார பங்களா

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள் நம் ஊரில். வின்ஸ்டன் சர்ச்சில் இரண்டையும் ஒன்றாகவே சோதித்துப் பார்த்த தைரியசாலி. மனைவிக்குச் சொல்லாமலே பங்களா வாங்கினார்!

லண்டனுக்குத் தெற்கே, கென்ட் பக்கம், வெஸ்டர்ஹாம் என்ற ஊரை ஒட்டியிருக்கும் செங்கல் வீடு அது. பெயர் சார்ட்வெல். ஏற்கெனவே அதைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கியிருந்தார் மனைவி கிளெமென்டைன். 1922 செப்டம்பரில் அவர் பிரசவத்துக்குப் படுத்திருந்த சமயம் பார்த்து, 5,000 பவுண்டுக்குப் பேசி முடித்துவிட்டார் மனிதர். பிறகு பிள்ளைகளைக் காரில் அழைத்துப் போய்க் காட்டி, பிடித்திருக்கிறதா என்று அப்பாவி போல ஒரு கேள்வி. வாங்கித்தான் ஆகவேண்டும் என்று அதுகள் நச்சரிக்கும்வரை காத்திருந்துவிட்டு, வாங்கியாயிற்று என்றார். ஜனநாயகம்!

எட்டாம் ஹென்றி, பக்கத்து ஹீவர் கோட்டையில் இருந்த ஆன் போலினைப் பார்க்கப் போகும் வழியில் இங்கேதான் தங்குவார் என்று ஒரு கதை உண்டு. (அவரும் வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்க மாட்டார்.) ராஜா தங்கியதோ இல்லையோ, 1922-ல் அங்கே நிரந்தரமாகக் குடியிருந்தது ஈரமும் மரத்தைத் தின்னும் பூஞ்சையும்தான். ஃபிலிப் டில்டன் என்ற ஆர்க்கிடெக்ட் வந்தார். இடித்தார், கட்டினார், எஸ்டிமேட் எகிறியது. வீட்டை வாங்கிய காசைவிட ரிப்பேருக்குக் கொட்டிய காசு அதிகம். கடைசியில் கூரை ஒழுகியது. வக்கீல்கள் மூலம் பேசிக்கொள்ளும் அளவுக்கு இருவரின் நட்பும் ஒழுகியது.

1924-ல் குடிபோனார்கள். அதே வருஷம் அவருக்கு என்ன பதவி கிடைத்தது தெரியுமா? நிதியமைச்சர்! சாம்ராஜ்யத்தின் கஜானா சாவி இடுப்பில். வீட்டுக் கணக்கிலோ துண்டு விழுகிறது. 1926-ல் மனைவிக்கு ஒரு சிக்கன சுற்றறிக்கை அனுப்பினார். இனி ஷாம்பெயின் வாங்கக் கூடாது, மாடுகளை விற்க வேண்டும், சுருட்டு நாளைக்கு நாலுதான். நாலு சுருட்டு! எப்பேர்ப்பட்ட தியாகம், பாருங்கள்.

கூலி மிச்சம் என்று நினைத்தாரோ என்னவோ, தானே கரணையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினார். சும்மா போட்டோவுக்கு இல்லை. காய்கறித் தோட்டத்துச் சுவரில் பெரும்பகுதி அவர் கையால் எழுந்தது. ஒரு நாளைக்கு 200 செங்கல், 2,000 வார்த்தை என்று பிரதமர் பால்ட்வினுக்கே பெருமையாகக் கடிதம் எழுதினார். வார்த்தைகளை அவர் டிக்டேட்தான் செய்தார். கஷ்டப்பட்டது செக்ரெட்டரி. செங்கல் மட்டும் சொந்த உழைப்பு.

உழைப்பாளி என்றால் சங்கம் வேண்டாமா? 1928-ல் ஐந்து ஷில்லிங் கட்டி, கட்டடத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தார். இரண்டு வருஷம் முன்புதான் பொது வேலைநிறுத்தத்தை எதிர்த்து அரசாங்கப் பத்திரிகையே நடத்தியவர்! அசல் கொத்தனார்கள் கொதித்தார்கள். இவர் சேர்ந்தது செல்லாது என்று சங்க நிர்வாகம் கையை விரித்தது.

1929-ல் பதவி போனது. அடுத்த பத்து வருஷம் சார்ட்வெல்தான் அவருடைய கட்சி ஆபீஸ். முதலில் எடுத்துக்கொண்ட சப்ஜெக்ட், நாம். இந்தியாவுக்குக் கொஞ்சம் அதிகாரம் கொடுத்தாலும் உலகம் அழியும் என்று கர்ஜித்தார். வைஸ்ராயோடு சரிசமமாகப் பேசப் போன காந்தியை, அரை நிர்வாணப் பக்கிரி என்று எரிச்சலோடு சொன்னதும் அப்போதுதான். அடுத்த சப்ஜெக்ட், ஹிட்லர். டெஸ்மண்ட் மோர்ட்டன், ரால்ஃப் விக்ரம் போன்ற அரசு அதிகாரிகள் ஜெர்மன் ஆயுதக் கணக்கை ரகசியமாக அவருக்குத் தந்துகொண்டிருந்தார்கள். இந்த முறை அவர் சொன்னது சத்தியம். ஆனால் காந்தியைப் பார்த்தே புலி வருது என்று கத்திய மனிதர், நிஜப் புலியைக் காட்டும்போது யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

1938-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை காலை வாரியது. சார்ட்வெல் விற்பனைக்கு வந்தது. விலை 20,000 பவுண்டு. வந்து காப்பாற்றியவர் ஹென்றி ஸ்ட்ராகோஷ் என்ற பணக்காரர். விழுந்து கிடந்த பங்குகளைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டார். யார் இவர்? நம் ரூபாய்க்கு மதிப்பு நிர்ணயிக்க 1925-ல் போட்ட ராயல் கமிஷனில் உறுப்பினர். இந்தியா மந்திரியின் கவுன்சிலிலும் இருந்தவர். இந்தியாவை விடவே மாட்டேன் என்றவரின் வீட்டை, இந்திய விவகார நிபுணர் மீட்டுக் கொடுத்தார்! 1943-ல் இறந்தபோது உயிலில் இன்னொரு 20,000 பவுண்டும் எழுதி வைத்தார். அதே 1943-ல் வங்காளம் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தது. அங்கே தானியம் அனுப்ப, அதற்குள் பிரதமராகியிருந்த சர்ச்சிலிடம் கப்பல் இல்லையாம்.

போர் நடந்தபோது சார்ட்வெல் பெரும்பாலும் பூட்டித்தான் கிடந்தது. அவர் ஆசை ஆசையாக வெட்டிய குளங்கள் நிலா வெளிச்சத்தில் ஜெர்மன் விமானங்களுக்கு வழிகாட்டக்கூடும் என்று தழை, குச்சி போட்டு மூடிவிட்டார்கள்.

போரில் ஜெயித்தார், தேர்தலில் தோற்றார், திரும்பவும் வீட்டை விற்க யோசித்தார். லார்டு காம்ரோஸ் தலைமையில் பணக்கார நண்பர்கள் வசூல் செய்து 1946-ல் வாங்கி, பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுத்தார்கள். ஆயுசு உள்ளவரை அங்கேயே இருக்கலாம். வருஷ வாடகை 350 பவுண்டு. ஆக, சொந்த வீட்டிலேயே வாடகைக்குக் குடியிருந்தார் உலகப் போரின் ஹீரோ.

1966 முதல் பொதுமக்கள் டிக்கெட் எடுத்துப் பார்க்கலாம். குடும்பத்தின் விருப்பம் ஒன்று உண்டு. சர்ச்சிலின் செல்லம் ஜாக் போலவே, வெள்ளை நெஞ்சும் வெள்ளைக் கால்களும் கொண்ட செம்பழுப்புப் பூனை ஒன்று எப்போதும் அங்கே இருக்க வேண்டும். 2020-ல் பதவியேற்றவர் ஏழாம் ஜாக். அவருக்கு வாடகை கிடையாது.