சென்செய் ஆகப் போகிறவருக்கு ஏழு உபதேசங்கள்

வெளிநாட்டவரைப் பெரும்பாலும் ஆங்கிலம் சொல்லித்தர அழைக்கும் ஜெட் திட்டத்தை ஜப்பானிய அரசு 1987-ல் தொடங்கியபோது நான்கு நாடுகளிலிருந்து 848 பேர் போய் இறங்கினார்கள். அன்றிலிருந்து இன்றுவரை, அங்கே ‘சென்செய்’ ஆகி, அதாவது ஆசிரியராகி, ஆங்கிலம் சொல்லித்தரப் போகிறவர்களுக்கு ஒரு பெரிய சங்கடம் உண்டு. அந்த ஊரில் யாரும் திட்டமாட்டார்கள். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதில் கைதேர்ந்தவர்கள். ஊசி எங்கெங்கே இருக்கும் என்று முன்கூட்டியே காட்டிக்கொடுப்பதுதான் இந்த உபதேசங்களின் நோக்கம்.

1. பெயரைக் குறுக்குங்கள்

வீடு பிடித்துக் குடியேறிய 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிந்துவிடுங்கள். கையோடு ஹான்கோ என்கிற பெயர் முத்திரையும் ஒன்று செய்துகொள்ளுங்கள். 2020-ல் அமைச்சர் கோனோ தாரோ அரசுத் தாள்களிலிருந்து இந்த முத்திரையை ஒழிக்கக் கிளம்பினார். உங்கள் பள்ளியின் வருகைப் பதிவேட்டுக்கு அந்தச் சேதி இன்னும் எட்டாமல் இருக்கலாம். முத்திரையின் வட்டம் சுண்டுவிரல் நுனியளவுதான். வெங்கடசுப்பிரமணியன் முழுசாக நுழைய முடியாது. வெங்கட் உள்ளே போகட்டும், சுப்பிரமணியன் வெளியே காத்திருக்கட்டும்.

2. குப்பைக்கு மரியாதை கொடுங்கள்

எரிகிற குப்பைக்கு ஒரு நாள், பிளாஸ்டிக்குக்கு ஒரு நாள், கண்ணாடிக்கு வேறொரு நாள். தண்ணீர் பாட்டிலா? மூடியைக் கழற்றி, லேபிளை உரித்து, கழுவி, நசுக்கிப் போடுங்கள். காலையில், பெரும்பாலும் எட்டு மணிக்குள், வைத்தாக வேண்டும். முந்தின ராத்திரியே வைப்பது மகாபாவம். பிரித்ததில் பிசகு இருந்தால் லாரிக்காரர் பையில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, அங்கேயே விட்டுவிட்டுப் போவார். பை பல ஊர்களில் உள்ளிருப்பது தெரிகிற ரகம். வாரம் முழுக்க நீங்கள் கப் நூடுல்ஸில் காலம் தள்ளியது தெருவுக்கே தெரிந்துபோகும். பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். மறுநாள் உங்கள் தபால் பெட்டியில் குப்பை நாள்காட்டியின் புதுப் பிரதி ஒன்று கிடக்கும்.

3. காலில் கண் வையுங்கள்

பள்ளி வாசலில் வெளிச் செருப்பைக் கழற்றி, உள்ளே போடுகிற செருப்புக்கு மாறுங்கள். கழிப்பறைக்குத் தனிச் செருப்பு. அதை மாற்ற மறந்து ஆசிரியர் அறைக்குள் வந்து தலைமையாசிரியரை வணங்கினால் அவரும் குனிந்து வணங்குவார். குனிந்த தலை நிமிர ஒரு நொடி கூடுதலாகும். திட்டு அந்த ஒரு நொடிதான்.

4. சும்மா இருக்கப் பழகுங்கள்

ஜெட் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்டிலோ வந்து சேர்வார்கள். அது கோடை விடுமுறைக் காலம். பிள்ளைகள் இல்லை, வகுப்பு இல்லை. நீங்கள் மட்டும் நாற்காலியில் இருந்தாக வேண்டும். சும்மா இருப்பதே சுகம் என்றவர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததில்லை. கையில் பேனாவும் முகத்தில் கவலையும் இருக்கட்டும், உழைப்பாளி என்று பெயர் கிடைக்கும்.

5. டேப் ரெக்கார்டர் ஆகுங்கள்

இலக்கணத்தை உள்ளூர் ஆசிரியர் ஜப்பானிய மொழியிலேயே நடத்திக்கொள்வார். நுழைவுத் தேர்வு அவர் தலைவலி. அவர் ஜாடை காட்டும்போது எழுந்து பாடத்தை வாசியுங்கள், வகுப்பு திருப்பிச் சொல்லும். ‘ஹவ் ஆர் யூ?’ என்று கேட்டால், ‘ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ, அண்ட் யூ?’ என்று ஒரே குரலில் பதில் வரும். காய்ச்சலோடு மேஜையில் கவிழ்ந்திருக்கிற பையனும் ‘ஃபைன்’தான். பிள்ளைகளின் நிஜமான பேச்சைக் கேட்க வேண்டுமென்றால், அவர்கள் பள்ளியைப் பெருக்கித் துடைக்கிற நேரத்தில் நீங்களும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு தரையில் குந்துங்கள்.

6. வெறுங்கையோடு திரும்பாதீர்கள்

லீவு போட்டு வெளியூர் போனால், ஆசிரியர் அறையில் உள்ள அத்தனை பேருக்கும் தனித்தனியாக உறையிட்ட தின்பண்டம் வாங்கி வர வேண்டும். ஹொக்கைடோ போனால் ஷிரோய் கொய்பிதோ, டோக்கியோ போனால் டோக்கியோ பனானா. வாங்காமல் வந்துவிட்டீர்களா? ‘பயணம் நன்றாக இருந்ததா?’ என்று அன்பாக விசாரிப்பார்கள். ஒவ்வொருவராக.

7. கோப்பையைக் காலி செய்யாதீர்கள்

விருந்தில் உங்களுக்கு நீங்களே ஊற்றிக்கொள்ளக் கூடாது. பக்கத்திலிருப்பவருக்கு நீங்கள் ஊற்றுங்கள், உங்களுக்கு அவர் ஊற்றுவார். காலிக் கோப்பை ‘இன்னும் ஊற்று’ என்று கூப்பிடும். போதுமென்றால் தளும்பத் தளும்ப அப்படியே விட்டுவிடுங்கள். சைவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: மிசோ சூப்பில் மீன் கண்ணில் படாது. ஆனால் அதன் அடிச்சாறு பெரும்பாலும் நம் மாசிக் கருவாட்டுக்குச் சொந்தக்காரனான சூரை மீன் சீவலில் இறக்கியது. விருந்து முடிந்து ராத்திரி கரோக்கேயில் உங்கள் தோளைக் கட்டிக்கொண்டு பாடிய துணைத் தலைமையாசிரியர், காலையில் இன்றுதான் அறிமுகமானவர் போல வணங்குவார். நீங்களும் அப்படியே வணங்கிவிடுங்கள்.

ஜெட் ஒப்பந்தத்தை அதிகபட்சம் ஐந்து ஆண்டு வரை நீட்டலாம். ஆரம்பத்தில் ‘கொன்னிச்சிவா’ என்றாலே உங்கள் ஜப்பானியம் அபாரம் என்பார்கள், சாப்ஸ்டிக்கைப் பிடித்தாலே வியப்பார்கள். மயங்காதீர்கள், அதெல்லாம் விருந்தாளிக்கு நடக்கிற உபசாரம். என்றைக்காவது பள்ளி அலுவலகத்து அம்மாள் ஒரு தாளை உங்கள் மேஜையில் பட்டென்று போட்டு, ‘வெங்கட் சென்செய், முத்திரையை மறுபடியும் தலைகீழாகக் குத்தியிருக்கிறீர்கள், எத்தனை தடவை சொல்வது!’ என்று எல்லோர் முன்னிலையிலும் சத்தம் போட்டால், அன்று மாலையே ஒரு பெட்டி இனிப்பு வாங்கிப் போய் அவரிடம் கொடுங்கள். உங்களை ஊரில் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள்.