மீனம்பாக்கம் முதல் அவனியாபுரம் வரை: ஆகாயக் காலம் பற்றிய சிற்றுரை

சென்னைக்கும் மதுரைக்கும் ஆகாய வழியில் தூரம் எவ்வளவு என்னும் வினாவுக்கு விடை எளிது. மீனம்பாக்கம் ஓடுபாதையிலிருந்து அவனியாபுரத்தை ஒட்டிய ஓடுபாதைக்கு, உருண்டைப் பூமியின்மேல் மிகக் குறுகிய கோடு ஒன்றை இழுத்தால் ஏறக்குறைய 420 கிலோமீட்டர் வரும். எழும்பூரிலிருந்து ரயிலில் போனால் 490க்கு மேல். ஆக 70 கிலோமீட்டர் லாபம் என்பர் பூர்வபட்சத்தார்.

காலம்தான் சிக்கல். ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் போகக்கூடியது. 420 கிலோமீட்டருக்கு அரைமணி போதுமே, பயணச்சீட்டில் ஒன்றேகால் மணி சொச்சம் என்று போட்டிருப்பது என்னை எனின், அது பறக்கும் நேரம் அன்று என்க. சென்னையில் சக்கரத்துக்குக் கீழிருந்து கட்டையை உருவுவது முதல் மதுரையில் மறுபடி கட்டை கொடுப்பது வரை உள்ள நேரம் அது. லாரியில் கிளீனர் பார்க்கும் அதே வேலைதான். இங்கே அதற்குச் சீருடை உண்டு. இடையில் ஓடுபாதைவரை ஊர்தல், முன்னால் நிற்கும் விமானங்களுக்குப் பின்னால் காத்திருத்தல், ஏறுதல், ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்குதல் எல்லாம் அடங்கும். முழு வேகத்தில் போகும் நேரம் கொஞ்சமே.

போதாதென்று விமான நிறுவனங்கள் கையிருப்பாகச் சில நிமிடங்களையும் அட்டவணையில் சேர்த்து வைக்கின்றன. அதனால்தான் பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பியும் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்ததாகப் பெருமையோடு அறிவிக்க முடிகிறது. பதினைந்து நிமிடம் வரை பிந்தினால் அது தாமதமே இல்லை என்பது அத்துறையின் இலக்கணம். ஆகாயத்தில் காற்றைக் கிழித்து மிச்சம் பிடிப்பதைவிடக் காகிதத்தில் மிச்சம் பிடிப்பது மலிவு.

இனி மாமனார்-மருமகன் சூத்திரம். மதுரை மாமனார் வீட்டுக்குக் கிளம்பும் அம்பத்தூர் மருமகன் மீனம்பாக்கம் போய்ச் சேர ஒன்றரை மணி. பெட்டி போடும் கவுன்டரை ஒரு மணி நேரம் முன்னதாகவே அடைத்துவிடுவார்களாதலால் முன்கூட்டிப் போய் உட்கார்ந்திருப்பது ஒன்றரை மணி. சீட்டில் கண்ட ஒன்றேகால். பெல்ட்டில் பெட்டி வர, ஆட்டோவோ காரோ பிடித்து வீடு போக ஒரு மணிக்கு மேல். கூட்டினால் ஐந்தேகால் தாண்டும். 2019இல் ஓடத் தொடங்கிய தேஜஸ் ரயில் ஆறரை மணி நேரத்துக்குள் மதுரையில் இறக்கிவிடுகிறது. 1977 முதல் ஓடும் வைகை எக்ஸ்பிரஸுக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல். மாமனார் வைகைக் கட்சி. திண்டுக்கல் வந்தாச்சு, கொடைரோடு வந்தாச்சு என்று போனில் சொல்லிக்கொண்டே வரலாம் என்பது அவர் வாதம். மேகத்துக்கு ஸ்டேஷன் பெயர் கிடையாது. இதற்கு மருமகன் தரப்பில் மறுப்பு எழவில்லை.

பயணம் எப்போது முடிகிறது என்பதில்தான் ஆய்வாளர்கள் இரண்டாகப் பிரிந்திருக்கிறார்கள். வாசலில் செருப்பைக் கழற்றியதும் கணக்கை நிறுத்த வேண்டும் என்கிறது மருமகன் தரப்பு. கைகால் கழுவிவிட்டு முதல் இட்லியைப் பிட்டால்தான் வந்து சேர்ந்ததாகக் கணக்கு என்கிறார் மாமியார்.