ஒரு சிறு கோட்டின் அதிகாரம்

கேள்வி: ஆங்கிலக் கூட்டுச் சொற்களிலும் முன்னொட்டுகளிலும் இணைகோட்டை எப்போது இடுவது, எப்போது விடுவது? அகராதிகளும் ஒத்துப்போவதில்லையே!
— ஓர் ஆசிரியை, கந்தப்பளை

பதில்: அகராதிகள் பிணங்கும் இடத்தில் அர்த்தத்தையே நீதிபதியாக அமர்த்திக்கொள்ளுங்கள், அம்மணி. தங்கள் மலையின் தேயிலைச் செடிகளை ஒரு மாணவன் 'டென்-இயர்-ஓல்ட் புஷ்ஷஸ்' என இரு கோடுகளிட்டு வருணித்தால், அவை பத்தாண்டு வளர்ந்து கொழுந்து தருபவை. முதற்கோட்டை மறந்து 'டென் இயர்-ஓல்ட் புஷ்ஷஸ்' என்றானாயின், ஓராண்டு வயதுடைய பத்துக் கன்றுகளே மிஞ்சும். பெயர்ச்சொல்லுக்கு முன்னே விசேஷணமாக நின்று ஒரே கருத்தைச் சுமக்கும் சொற்களைப் பிணைப்பதே இக்கோட்டின் தர்மம். அச்சொற்களே பெயருக்குப் பின்னே பயனிலையாக வருங்கால், பெரும்பாலும் பிணைப்பு வேண்டுவதில்லை.

முன்னொட்டுகள் பொதுவாகச் சொல்லோடு ஒட்டியே நிற்கும். ஆயினும், பெரிய எழுத்தில் தொடங்கும் பெயருக்கும் இலக்கத்துக்கும் முன் கோடு அவசியம்: மலையகத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டத்துக்கு முந்திய காலத்தை 'பிரீ-1948' என்றே எழுதவேண்டும். அர்த்தம் பிறழும் அபாயமுள்ள இடத்திலோ, கோடே காவல். தோட்டத் தொழிலாளரின் கூட்டு ஒப்பந்தத்தைத் தொழிற்சங்கத் தலைவர் 'ரீ-சைன்' செய்தார் எனில், மீண்டும் கையொப்பமிட்டார். அக்கோட்டை நீக்கிவிட்டாலோ, அவர் பதவியையே துறந்துவிடுகிறார்!

'கோ-ஓபரேட்டிவ்' என்பதில் ஒரே உயிரெழுத்து இருமுறை மோதுவதைத் தவிர்க்கப் பழைய பிரித்தானிய வழக்குக் கோடிட்டது. அமெரிக்கர் அதைக் கைவிட்டனர். இரண்டும் குற்றமல்ல, ஒரே கட்டுரையில் இரண்டையும் கலப்பதே குற்றம்.