தட்டுகிறார், திறப்பதில்லை

டோனர் தம்பி உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். எங்கள் வீட்டில் இருப்பவர் என் மனைவியின் தம்பி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் பொதுவாகத்தான் எழுதுகிறேன்.

இவரோடு பேசினால் பார்வை நம் கண்ணில் நிற்காது, மூக்கோரத்தில் நிற்கும். "மாமா, உங்களுக்கு போர்ஸ் ரொம்ப ஓப்பனா இருக்கு" என்பார், கேஸ் வால்வை மூட மறந்துவிட்டவனிடம் சொல்வதுபோல. அந்தத் துவாரங்களைத் திறக்கவும் மூடவும் தசையே கிடையாது என்று தோல் டாக்டர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள்.

அதுகூடப் போகட்டும். அந்தத் தட்டல்தான் தாங்க முடியவில்லை.

முகம் கழுவியதும் போடும் டோனரைப் பஞ்சில் ஊற்றித் துடைத்தால் பாதி பஞ்சுக்கே போய்விடுமாம். அதனால் உள்ளங்கையில் ஊற்றி, கன்னத்தில் தட்டி இறக்க வேண்டும். ஒரு தடவை அல்ல. கொரியாவில் ஏழு அடுக்கு போடுகிறார்களாம். ஓர் அடுக்கு உள்ளே இறங்கும்வரை தட்டல், பிறகு அடுத்தது. வெளியே துண்டோடு நிற்கும் எனக்கு எத்தனையாவது அடுக்கு என்பது சத்தத்திலேயே தெரியும். முதல் இரண்டும் சளக் சளக். மூன்றாவதில் பட் பட். நான்காவதில் கழுத்துக்கு இறங்குவார். ஐந்து முடிந்ததும் ஓர் அமைதி வரும். ஆகா, முடிந்தது என்று கதவுப்பக்கம் நகர்ந்தால் ஆறாவது ஆரம்பிக்கும்.

ஊரிலிருந்து வந்த பெரியப்பா மிரண்டுபோய்விட்டார். "உள்ள யாருப்பா யாரை அடிக்கிறது?"

"யாரும் இல்ல பெரியப்பா. தம்பி கொரியாத் தண்ணி போடுறாரு."

"காலங்காத்தாலயேவா?"

ஏன் தம்பி இதெல்லாம் என்று கேட்டுவிடக் கூடாது. பிஹெச் வந்துவிடும். தோலின் பிஹெச் ஏறக்குறைய 5, லேசான அமிலம். குளியல் சோப்பு 9, 10 என்று காரம். சோப்பு ஏற்றிவிட்டதை இறக்கத்தான் டோனர். நியாயமான பேச்சுதான். ஆனால் இவர் முகத்தில் சோப்பே படுவதில்லை! பிஹெச் 5.5 என்று பாட்டிலிலேயே அச்சடித்த ஃபேஸ்வாஷ்தான் போடுகிறார். ஏறாத ஒன்றை இறக்குவதற்கு ஏழு அடுக்கு.

சாலிசிலிக், கிளைகோலிக், நியாசினமைட் என்று அலமாரி நிறையப் பாட்டில்கள். திருப்பிப் பார்த்தால் அநேகமாக எல்லாவற்றிலும் முதலில் எழுதியிருப்பது தண்ணீர். லாரித் தண்ணீருக்கே முறை வைத்துக் காத்திருக்கும் குடியிருப்பு எங்களுடையது.

ஒன்று சொல்லியே ஆகவேண்டும். பருவைப் பார்த்துப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுத என் மகளிடம், கிள்ளாதே, எலுமிச்சம்பழத்தைத் தேய்க்காதே என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லி, டாக்டரிடம் கூட்டிப்போனவர் அவர்தான். நாங்கள் யாரும் அல்ல.

அதே மனிதர் உச்சிவெயிலில் ஓ.எம்.ஆரில் பைக் ஓட்டிப் போகிறார், முகத்தில் சன்ஸ்கிரீன் இல்லாமல். கேட்டால் "பிசுபிசுக்குது மாமா" என்கிறார். தோலுக்கு உண்மையில் உதவுகிற ஒன்றை ஒரே ஓர் அடுக்கு போடமாட்டார். டோனர் இல்லாவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது என்றாலும் காதில் வாங்கமாட்டார்.

எனவே, டோனர் தம்பிகளே, ஏழல்ல, எழுபது அடுக்குகூடப் போட்டுக்கொள்ளுங்கள். காலை 7.30 முதல் 8.15 வரை மட்டும் குளியலறையை விட்டுவிடுங்கள். தட்டுவதற்குக் குழாய் தேவையில்லை. ஹாலில் ஒரு கண்ணாடி சும்மாதான் தொங்குகிறது.