பட்டும் படிப்பும்

வாப்பா பேராண்டி, உக்காரு. 38,000 ரூவாப் பட்டா? ஆத்தி! நெறம் கண்ணைப் பறிக்குதே. என்னது, மூளை உள்ளவனுக்குத்தான் தரம் தெரியுமா? ஆமாமா, ஒங்க தாத்தனும் இதையேதான் சொல்லுவாரு, ஒவ்வொரு மாட்டுச் சந்தையிலயும் ஏமாந்துட்டு வந்து.

எதை வச்சுடா தரம்னு கண்டுபிடிச்ச? விலைச்சீட்டைப் பாத்தா, கடை ஏசியைப் பாத்தா, இல்ல அவங்க குடுத்த பாதாம்பாலைக் குடிச்சா? சில்க் மார்க் ஒட்டியிருக்குன்னு காட்டுற. சரிதான், மத்திய பட்டு வாரியம் 2004ல கொண்டாந்தது. ஆனா அது பட்டுக்குத்தான்டா சாட்சி. ஜரிகைன்னா அது வாயே தொறக்காது. எம்பிஏவுல இதைச் சொல்லித்தரலையாக்கும்.

காஞ்சிபுரத்து அசல் ஜரிகைன்னா, செவப்புப் பட்டுநூல் மேல தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுத்தி, அதுக்கு மேல தங்கமுலாம் பூசுனது. முந்தி ஓரத்துல ஒரு எழையை உருவி நகத்தால சொரண்டு. செவப்பு தெரியுதா? உடனே குதிக்காத. போலி பண்றவனுக்குச் செவப்புச் சாயம் கெடைக்காதா என்ன? அந்த நூலைக் கொளுத்திப் பாரு. மயிர் பொசுங்குன நாத்தம் அடிச்சு, சாம்பல் வெரல்ல பொடியா உதுந்தா பட்டு. காயிதம் எரிஞ்ச வாசம் வந்தாலோ, உருகி உருண்டையா நின்னாலோ, ஒன் 38,000த்துக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வா, காப்பி தாரேன்.

கோர்வைக் கரைன்னும் கடைக்காரன் சொன்னானாமே? ஒடம்பையும் கரையையும் நெய்யும்போதே கோத்துச் சேக்குறதுடா அது. கைத்தறியில அதுக்கு மூணு நாடா வேணும், தறியில ரெண்டு ஆளு ஒக்காரணும். பொடவையைத் திருப்பி, ஒடம்பும் கரையும் சேர்ற எடத்தைப் பாத்தியா? பாத்திருக்க மாட்ட. திருப்பிப் பாத்தா கடைக்காரன் மதிக்க மாட்டான்னு கூச்சம்.

நீ மடையன்னு நான் சொல்லலப்பா. மடையன்னா ஏமாந்துட்டேன்னு ரெண்டு அழுகையோட முடிச்சுக்குவான். புத்திசாலிக்குத்தான் வாங்குன பெறகு காரணம் காரணமா ஊறும்.

தெருவுல பழைய பட்டுப்பொடவை எடுக்க வாரானே, அவன் எத்தனாங்கிளாஸ் படிச்சானோ தெரியாது. கரையை ஒரு சொரண்டு சொரண்டி, ஒரசிப் பாத்து, வெள்ளி எம்புட்டுத் தேறும்னு சொல்லிப்புடுவான். தப்பாச் சொன்னா அவன் கைக்காசு போயிரும். ஒனக்குப் போனா பேங்குக்காரன் தவணை போட்டுத் தருவான்.

அந்தப் பழைய பொடவைக்காரன் செவ்வாக்கெழமை வருவான். பொடவையைக் கொண்டாந்து காட்டு. பில்லை மட்டும் காட்டிராத.