கால்சட்டையின் பின்புறத் தேய்மானம்: யூட்டா மணற்பாறைப் பள்ளத்தாக்குகளை முன்வைத்து ஓர் ஆய்வு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மோவாப் நகரில், வழிகாட்டியோடு ஒரு நாள் பள்ளத்தாக்கு இறங்கப் போகிறவர் காலையில் ஹெல்மெட்டும் ஹார்னஸும் வாங்கிக்கொண்டு புறப்படுகிறார். மாலையில் முழு உடம்போடும் குறைபட்ட கால்சட்டையோடும் திரும்புகிறார். அந்தக் குறையே இவ்வாய்வின் பொருள். பாறையின் வயதையும் நிறத்தையும் பற்றி முன்னோர் ஏராளமாக எழுதிவிட்டனர். அதன்மேல் உட்கார்ந்தவரைப் பற்றி எழுதுவாரில்லை. இவ்விடைவெளியை நிரப்புவது முதன்மை நோக்கம். பதவி உயர்வு துணைமை நோக்கம்.

வகைப்பாடு இல்லாத ஆய்வைத் தேர்வுக் குழு ஏற்காது. நல்லவேளையாக, அமெரிக்கப் பள்ளத்தாக்கிறங்கிகள் அதை முன்பே செய்து வைத்திருக்கிறார்கள். கயிற்று வேலைக்கு 1 முதல் 4 வரை எண். தண்ணீருக்கு ஏ, பி, சி. நேரத்துக்கு ரோமன் எண். ‘3ஏ, ரோமன் இரண்டு’ என்றால் கயிறு வேண்டும், தண்ணீர் அநேகமாக இராது, அரை நாள் ஆகும். ஆபத்து மிகுந்தால் சினிமாத் தணிக்கைச் சான்றிதழ்போல ஆர், எக்ஸ் என்றும் சேர்ப்பார்கள். உட்காருமிடத்துக்கு மட்டும் குறியீடு இல்லை.

ஆய்வுப் பொருளுக்கு வெளியே உள்ள ஆபத்துகள் வருமாறு. பாய்சன் ஐவி என்னும் நச்சுச்செடி: தொடக்கூடாது.

தனியே போதல்: 2003இல் ப்ளூஜான் பள்ளத்தாக்கில் பாறையில் கை சிக்கிய ஆரன் ரால்ஸ்டனின் கதையை, ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த ‘127 அவர்ஸ்’ போதிய அளவு ஆராய்ந்துவிட்டது.

திடீர் வெள்ளம் மட்டும் கேலிக்கு உரியதன்று. 1997 ஆகஸ்டில் அரிசோனாவின் ஆண்டலோப் பள்ளத்தாக்கில் 11 பேர் இறந்தனர். கொட்டிய மழை அவர்கள் தலைக்கு மேல் அல்ல, பல மைல் தள்ளிப் பெய்தது. வழிகாட்டி கயிற்றைத் தொடும் முன் வானிலையைப் பார்ப்பது இதனால்தான்.

இனி மையப் பொருள். இப்பள்ளத்தாக்குகளில் காணும் நவாஹோ மணற்பாறை, ஜுராசிக் காலத் தொடக்கத்தில் பாலைவன மணல்மேடாகக் கிடந்தது. அதன் மணிகள் பெரும்பாலும் குவார்ட்ஸ். மோஸ் கடினத்தன்மை 7. நிற்க முடியாத சரிவு வந்ததும் வழிகாட்டி “உட்கார்ந்து சறுக்குங்க” என்கிறார். அந்தச் சொரசொரப்பே ஆளை உருளவிடாமல் பிடிக்கிறது. பிடித்ததற்குக் கூலியாகத் துணியைத் தின்கிறது.

இது பற்றி இரு பள்ளிகள் உண்டு. ‘பாறை தேய்க்கிறது’ என்பது முதலாவது. ‘கால்சட்டை தேய்கிறது’ என்பது இரண்டாவது. இரண்டும் ஒன்றுதானே என்று கேட்ட மாணவர் வேறு நெறியாளரிடம் மாற்றப்பட்டார். முதற்பள்ளியின் மூலநூல் இன்னும் எழுதப்படவில்லை. ஆயினும் அதன் மூன்றாம் பாகத்து எட்டாம் அடிக்குறிப்பு பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. எழுதப்படாத அந்நூலுக்கு ஒரு மறுப்பும், மறுப்புக்குப் பிற்சேர்க்கையும், பிற்சேர்க்கைக்குப் பிழைதிருத்தமும், பிழைதிருத்தத்துக்கு வாழ்த்துரையும் தட்டச்சில் உள்ளன. அவை துறைத்தலைவரின் அலமாரியில் இருக்கின்றன. சாவி அவர் மைத்துனரிடம்.

பாறையும் தேய்கிறது என்னும் சமரசவாதிகளுக்கே கண்கூடான சான்று உண்டு. இறங்கி முடித்துக் கயிற்றைக் கீழிருந்து இழுக்கும்போது, அது விளிம்பில் ஒரே இடத்தில் உரசி உரசி விரல் புதையும் பள்ளம் விழுகிறது. மணி கெட்டி, மணிகளைப் பிணைக்கும் பசை கெட்டியில்லை. மழையில் நனைந்தால் பாறை இன்னும் பலமிழக்கும் என்பதால் அது காயும்வரை ஏறாதவர்களும் அங்கே உண்டு. விவரமான வழிகாட்டி, நங்கூர நாடாவை நீளமாக விட்டு, கயிறு ஓடும் வளையம் விளிம்பைத் தாண்டித் தொங்கும்படி கட்டுவார்.

243 அடி நீளும் மார்னிங் குளோரி இயற்கைப் பாலத்தருகே கயிற்றில் இறங்குவதற்காகவே பலர் காசு கொடுத்து வருகிறார்கள். அங்கே அந்தரத்தில் தொங்குவதால் பின்புறம் பாறையில் படுவதில்லை. எனவே அப்பகுதி ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டது.

தீர்வாக டக்ட் டேப் முன்மொழியப்படுகிறது. அது உள்ளே ஒட்டத்தக்கதா, வெளியே ஒட்டத்தக்கதா என்பது மேலாய்வுக்குரியது. டேப்மேல் டேப் ஒட்டிய கால்சட்டையோடு நாள்தோறும் இறங்கும் வழிகாட்டிகளைக் கேட்டிருக்கலாம். அவர்களுக்கு ஆய்விதழ் வெளியீடு எதுவும் இல்லாமையால் சான்றாக ஏற்க இயலவில்லை.